கயிறு மேலே இருக்கட்டும்: குடும்பத்தோடு பாறை ஏற இடம் தேடுதல்



கோலசிலாங்கூர் வட்டாரத்தில் வாழும் நமக்கு மலை என்பது தூரத்துச் சொந்தம். ஜெராம், புக்கிட் ரோத்தான், தாஞ்சோங் காராங் என்று எந்தப் பக்கம் போனாலும் ஆற்று வண்டலும் கடற்சேறும் படிந்த தட்டை நிலம்தான். செம்பனையும் தென்னையும் நெல்லும் விளைகிற பூமி அது. ஆற்று முகத்துவாரத்தில் புக்கிட் மெலாவாத்தி தலை தூக்கி நிற்கிறது. 1907ஆம் ஆண்டு கட்டிய கலங்கரை விளக்கமும் பழைய கோட்டையும் அங்கே இருக்கின்றன. அது நடந்து ஏறுவதற்கும் குரங்குகளைப் பார்ப்பதற்கும் ஏற்ற குன்று. கயிறு கட்டி ஏறும் பாறை அங்கே இல்லை.

ஆனால் நம் பிள்ளைகளின் ஆசைக்கு நிலம் தட்டையாக இருப்பது தெரியுமா? பாறை ஏறுவதை அவர்கள் இன்று தொலைக்காட்சியில் பார்க்கிறார்கள். 2020ஆம் ஆண்டுக்குரிய தோக்கியோ ஒலிம்பிக், 2021இல் நடந்தபோது, சுவர் ஏறும் விளையாட்டு முதல்முறையாக அதில் இடம்பெற்றது. அதற்கு முன்பே, 1997ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள், எவரெஸ்ட் சிகரத்தில் கால் வைத்த முதல் இரண்டு மலேசியர்கள் யார்? எம். மகேந்திரனும் என். மோகனதாசும். நம்மவர்கள்! அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, "அப்பா, நானும் ஏறணும்" என்று கேட்பதில் வியப்பென்ன?

இங்கேதான் பெற்றோர் யோசிக்க வேண்டும். "அதெல்லாம் பட்டணத்துக்காரர்கள் வேலை" என்று சொல்லி நாம் நகர்ந்துவிடலாம். ஆனால் ஆசை நகராது. கைவிடப்பட்ட கல்லுடைப்புக் குழி, சாலைக்காக வெட்டிய செம்மண் சரிவு, நீர்வீழ்ச்சியின் வழுக்குப் பாறை, இவற்றில் கயிறு இல்லாமல் ஏறும் பிள்ளைகளை நாம் பார்க்காமல் இல்லை. சரியான இடத்தை நாம் காட்டாவிட்டால், தவறான இடத்தை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். ஆகவே, குடும்பமாகச் சென்று, கயிற்றின் காவலில், முதன்முதலாகப் பாறை ஏறுவதற்கு ஏற்ற இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை இன்று பார்ப்போம்.

முதலில், மேற்கயிறு முறை என்றால் என்ன? கிணற்றுக் கப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் ஒரு முனையில் வாளி. மறு முனையில் நம் கை. நடுவில், உயரத்தில், கப்பி. பாறையிலும் அப்படியே. பாறையின் உச்சியில் உறுதியான பிடிப்பு ஒன்று அமைத்து, அதில் உலோக வளையம் மாட்டி, அதன் வழியே கயிற்றை விடுகிறார்கள். ஒரு முனை ஏறுபவரின் இடுப்பு வாரில் கட்டப்பட்டிருக்கும். மறு பாதி கீழே நிற்பவரின் இடுப்பு வாரில் உள்ள பிடிகருவி வழியாக அவர் கைக்குப் போகும். ஏறுபவர் மேலே போகப் போக, கீழே இருப்பவர் தளர்வை இழுத்துக்கொண்டே இருப்பார். கை நழுவினால், ஏறுபவர் விழுவதில்லை. கயிறு சற்று நீள, இருந்த இடத்தை ஒட்டியே தொங்குவார். கயிறு எப்போதும் தலைக்கு மேலே இருப்பதால்தான் தொடக்கக்காரர்களுக்கு இந்த முறையைச் சொல்கிறார்கள்.

கப்பியைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வாளியின் பாரம் மட்டுமா கப்பியில் இறங்குகிறது? நாம் இழுக்கும் இழுப்பும் சேர்ந்துதான் இறங்குகிறது. 60 கிலோ எடையுள்ளவர் தொங்கும்போது, வளையத்தில் ஏற்படும் உராய்வு கொஞ்சம் உதவினாலும், மேலே உள்ள பிடிப்பின் மீது ஏறக்குறைய 100 கிலோ பாரம் விழுகிறது. ஆகவே பாறை எவ்வளவு அழகாக இருக்கிறது என்பது கடைசிக் கேள்வி. பாறைக்கு அடி, தலை, முகம் என்று மூன்று உண்டு. எல்லாரும் முகத்தைப் பார்த்து மயங்குகிறார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் முதலில் அடியைப் பார்க்க வேண்டும். பிறகு தலையைப் பார்க்க வேண்டும். முகத்துக்கு வருவது அதன் பிறகு.

அடியில் என்ன பார்ப்பது? தரை சமமாக இருக்கிறதா? கயிறு பிடிப்பவர் காலூன்றி நிற்க முடிகிறதா? நான்கு பிள்ளைகள் போனால் ஒரு பிள்ளைதான் ஏறும். மற்ற மூன்றும் கீழே ஓடி விளையாடும். அவர்கள் பாறையிலிருந்து விலகி உட்கார இடம் உண்டா? பள்ளம், ஆறு, சாலை பக்கத்தில் இல்லையே? மேலிருந்து ஒரு கல் உருண்டால் எங்கே விழும்? அந்த இடத்தில் பாய் விரித்துச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. ஏறுபவரைப் போலவே கயிறு பிடிப்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பதும் இதனால்தான். மழை வந்தால் ஒதுங்க இடமும், அவசரத்துக்கு வண்டி வரக்கூடிய வழியும் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாம்பு, குளவி, தேன்கூடு இருக்கிறதா என்று கண்ணால் தேடுங்கள். செம்பனைக் காட்டில் குளவியின் குணம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனித் தலை. பாறையின் உச்சியில் பிடிப்பு எப்படி இருக்கிறது என்பதே உயிரான கேள்வி. நல்ல பிடிப்பில் குறைந்தது இரண்டு ஆணிகள் பாறைக்குள் தனித்தனியே பதிந்திருக்கும். ஒன்று போனாலும் மற்றது தாங்கும்படி இரண்டையும் இணைத்திருப்பார்கள். துணி காயப்போடும் கொடியை நினைத்துப் பாருங்கள். கொடி சற்றுத் தொய்வாக இருந்தால் ஈரச் சேலையின் பாரத்தைக் கம்பங்கள் எளிதாகத் தாங்கும். விறைப்பாக இழுத்துக் கட்டினால் அதே சேலை இரு கம்பங்களையும் உள்ளே சாய்த்துவிடும். பிடிப்பும் அதுபோலத்தான். இரண்டு ஆணிகளிலிருந்து இறங்கும் வார்களுக்கு இடையே 60 பாகைக் கோணம் இருந்தால், 100 கிலோ பாரத்தில் ஒவ்வோர் ஆணிக்கும் ஏறக்குறைய 58 கிலோ போகும். கோணம் 120 பாகையாக விரிந்தால் ஒவ்வொன்றுக்கும் முழு 100 கிலோவும் போகும். கோணம் குறுகலாக இருப்பதே நல்லது.

நம் நாட்டு வெப்பமும் ஈரமும் இரும்பைச் சும்மா விடுவதில்லை. ஆணியைச் சுற்றிப் பழுப்புக் கறை, கையால் அசைத்தால் ஆட்டம், சுற்றியுள்ள பாறையில் வெடிப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வழி வேண்டாம். தாய்லாந்தின் கிராபி கடற்கரைச் சுண்ணாம்புப் பாறைகளில், துருப்பிடிக்காது என்று நம்பிய எஃகு ஆணிகளே உள்ளுக்குள் அரித்து முறிந்தன. பிறகு டைட்டேனியம் ஆணிகளை ஒட்டிப் பதிக்கத் தொடங்கினார்கள். வெளியே பளபளப்பாக இருப்பதெல்லாம் உள்ளே உறுதி என்று சொல்ல முடியாது. இதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த கண் ஒன்று உங்களுடன் வர வேண்டும்.

இன்னொரு கேள்வி: உச்சிக்கு எப்படிப் போவது? சில பாறைகளில் பின்புறமாக நடந்தே உச்சிக்குப் போய்க் கயிற்றை மாட்டலாம். சிலவற்றில் அது முடியாது. அங்கே பயிற்சி பெற்ற ஒருவர் முதலில் கீழிருந்து ஏறி, வழியில் உள்ள ஆணிகளில் கயிற்றை மாட்டிக்கொண்டே போய், உச்சிப் பிடிப்பை அமைக்க வேண்டும். மேற்கயிற்றின் காவல் அவருக்கு இல்லை. அவர் வழுக்கினால் சற்றுத் தூரம் விழுந்துதான் நிற்பார். அந்த வேலை தொடக்கக்காரருக்கு உரியதன்று.

இப்போது முகம். புதியவருக்கு ஏற்ற பாறை நேர் செங்குத்தாகவோ, சற்றுப் பின்சாய்ந்தோ இருக்கும். முன்பக்கம் தொங்கும் பாறை கையைச் சீக்கிரம் களைக்க வைக்கும். உயரம் 10 முதல் 15 மீட்டர் இருந்தால் போதும். ஏறும் வழிகளுக்கு எண் கொடுத்து வைத்திருப்பார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் பிரெஞ்சு வரிசையைப் பயன்படுத்துகிறார்கள். அதில் 4, 5 என்று தொடங்கும் வழிகள் புதியவர்களுக்கு. 6க்கு மேல் போனால் பழகியவர்களுக்கு.

சரி, நம் வட்டாரத்துக்குப் பக்கத்தில் எங்கே போகலாம்? நாம் எல்லாரும் அறிந்த பத்துமலையே அதற்கு இடம். 1892ஆம் ஆண்டு முதல் தைப்பூசம் நடக்கும் அந்த மலையின் 272 படிகளைக் காவடியோடும் பால்குடத்தோடும் ஏறாத தோட்டக் குடும்பம் நம்மில் எத்தனை? அந்த மலை சுண்ணாம்புக் கல். ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகள் பழமையானது. மழை நீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கி, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது. அப்படித்தான் குகைகள் உண்டாயின. விரல் நுழையும் பொந்துகளும் காலூன்றும் விளிம்புகளும் அப்படியே உண்டாயின. கோயில் ஒரு பக்கம் இருக்க, மலையின் வேறு பக்கங்களில் பாறை ஏறுவோர் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் சுவர்கள் இருக்கின்றன. குவா டாமாய் பக்கத்துச் சுவரின் அடியில் திறந்தவெளி இருப்பதாலும், அங்கே எளிய வழிகள் பல இருப்பதாலும், புதியவர்களைப் பெரும்பாலும் அங்கேதான் அழைத்துப் போகிறார்கள். ஞாமோக் என்று இன்னொரு சுவர் உண்டு. மலாய் மொழியில் அதற்குக் கொசு என்று பொருள். பெயரே எச்சரிக்கை, கொசு மருந்தை எடுத்துப் போங்கள்!

பத்துமலையின் உச்சி காடும் கூரிய கல்லுமாக இருப்பதால், நடந்து போய்க் கயிறு மாட்டும் வசதியை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. முன்னே சொன்னபடி, பயிற்சி பெற்றவர் ஏறித்தான் கயிற்றை அமைக்க வேண்டும். வழி திறந்திருக்கிறதா, அனுமதி வேண்டுமா என்பதைப் புறப்படும் முன்பே செலாயாங் நகராண்மைக் கழகத்திலும், அங்கே வழக்கமாக ஏறுவோரிடமும் விசாரியுங்கள். கோயிலையும் குகைகளையும் ஒட்டிய பாறையில் கை வைக்க வேண்டாம். அது வழிபாட்டு இடம்.

ஈஜோக்கிலிருந்து லாத்தார் விரைவுச்சாலை 2011இல் திறக்கப்பட்ட பிறகு, பெஸ்தாரி ஜெயா, ஈஜோக் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து டெம்ப்ளர் பூங்கா வரை நேராகப் போய்விடலாம். அங்கிருந்து தெற்கே திரும்பினால் பத்துமலை. டெம்ப்ளர் பூங்காவின் அருகே புக்கிட் தாக்குன் என்ற சுண்ணாம்பு மலை கம்பீரமாக நிற்பதைக் காண்பீர்கள். பிள்ளைகள் உடனே, "அதில் ஏறலாம்" என்பார்கள். அதன் முகம் அழகுதான். ஆனால் அங்குள்ள பெயர்பெற்ற வழிகள் மிக உயரமானவை. ஒரே கயிற்று நீளத்தில் முடியாமல், இடையிடையே நின்று பல கட்டமாக ஏற வேண்டியவை. அது குடும்பத்துக்கு உரிய பாறை அன்று. பக்கத்திலே கஞ்சிங் நீர்வீழ்ச்சி இருக்கிறது. குளிக்க நல்லது, அதன் பாசி படிந்த பாறை ஏற நல்லதன்று. கல்லுடைப்புக் குழியைப் பற்றியும் ஒரு சொல். வெடி வைத்துப் பிளந்த பாறை வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளே விரிசல் விட்டிருக்கும். பிடித்த கல் கையோடு வந்துவிடும்.

இடம் கிடைத்துவிட்டது. அடுத்தது கயிறு. லாரியில் சாமான் கட்டும் கயிறும், மாட்டுக் கயிறும், தோட்டத்துக் கிடங்கில் கிடக்கும் நைலான் கயிறும் இதற்கு உதவா. ஏறுவதற்கென்றே செய்த கயிறு ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் தடிப்பில், உள்ளே நூற்கற்றையும் வெளியே பின்னிய உறையுமாக இருக்கும். அது விழுபவரின் வேகத்தைத் தானே நீண்டு தாங்கிக்கொள்ளும். 80 கிலோ எடை தொங்கும்போது அது 10 விழுக்காட்டுக்கு மேல் நீளக்கூடாது என்பது பன்னாட்டு விதி. இந்த நீட்சியில் ஓர் ஆபத்தும் உண்டு. 15 மீட்டர் பாறையில் ஒருவர் தரையிலிருந்து ஓரடி ஈரடி ஏறியிருக்கும்போது, அவருக்கும் கயிறு பிடிப்பவருக்கும் இடையே 28 மீட்டர் கயிறு இருக்கும். அது 7 விழுக்காடு நீண்டால் ஏறக்குறைய 2 மீட்டர்! அந்த உயரத்தில் வழுக்கினால் கால் தரையில் இடிக்கும். ஆகவே முதல் சில அடிகள் ஏறும்போதுதான் கயிற்றை மிக இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். பாறையின் உயரத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் கயிற்றின் நீளம் இருக்க வேண்டும். கயிற்றின் கடைசி முனையில் ஒரு முடிச்சும் போட வேண்டும். கீழே இறக்கும்போது கயிறு தீர்ந்து முனை கையை விட்டு ஓடியதால் நேர்ந்த விபத்துகள் உலகில் பல.

தோட்டத்தில் வாழும் நமக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. நைலானுக்கு அமிலம் பகை. மின்கல அமிலத்தின் ஆவி பட்டாலே கயிறு உள்ளுக்குள் வலுவிழக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே மருந்து அடிக்கும் பம்பு, பூச்சிமருந்துப் புட்டி, பழைய மின்கலம் இருக்கும் இடத்தில் கயிற்றையும் இடுப்பு வாரையும் வைக்காதீர்கள். வெயிலில் காயப்போடவும் கூடாது. சொந்தமாக வாங்க அவசரப்பட வேண்டாம். தொடக்கத்தில் பயிற்றுநரின் சாமான்களையே பயன்படுத்துவது செலவுக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது. கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா வட்டாரத்தில் கூரைக்குள் அமைந்த ஏறு சுவர்களில் முதலில் ஓரிரு முறை பழகினால், பயிற்றுநரின் அறிமுகமும் கிடைக்கும்.

கயிறு பிடிக்கும் கை யாருடையது? இது அன்பினால் மட்டும் முடிகிற காரியம் இல்லை. பிள்ளை ஏறும்போது அப்பா பிடிக்கலாம், எடை போதும். 80 கிலோ அப்பா ஏறும்போது 45 கிலோ அம்மா பிடித்தால், அப்பா வழுக்கிய கணத்தில் அம்மா மேலே தூக்கப்படுவார். அப்போது பயிற்றுநர் அவரைத் தரையோடு ஒரு வாரினால் கட்டி வைப்பார், அல்லது எடை கூடியவர் பிடிப்பார். கயிற்றின் கீழ்ப் பகுதியைப் பிடித்த கை எந்தக் காரணத்துக்கும் அதை விடக்கூடாது. கொசு கடித்தாலும் சரி, தொலைபேசி அடித்தாலும் சரி. சிறு பிள்ளைகளுக்கு இடுப்பு இன்னும் அமையாததாலும், தலைப்பாரம் அதிகம் என்பதாலும், தலைகீழாகக் கவிழ்ந்தால் இடுப்பு வாரிலிருந்து நழுவக்கூடும். அவர்களுக்கு மார்பையும் தோளையும் சேர்த்துக் கட்டும் முழுவுடல் வார் வேண்டும்.

பேசும் சொற்களையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். "விடாதே" என்று பிள்ளை மேலிருந்து கத்துகிறது. காற்று கடைசி எழுத்துகளைத் தின்றுவிட்டால் கீழே கேட்பது என்ன? "விடு"! ஆகவே விடு, விடாதே என்ற இரண்டு சொல்லையுமே பாறையடியில் விலக்கிவிடுங்கள். "இறுக்கு" என்றால் தளர்வை எடுக்க வேண்டும். "இறக்கு" என்றால் கீழே கொண்டுவர வேண்டும் என்று வைத்தால், அவையும் ஒன்றுபோல ஒலிக்கும். "இழுங்க", "கீழே" என்று தனித்தனி ஓசையுள்ள சொற்களை வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. சொல்லோடு பெயரையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

தரையை விட்டுக் கால் எடுக்கும் முன், ஒருவர் மற்றவரைத் தொட்டுப் பார்த்துச் சோதிக்க வேண்டும். இடுப்பு வாரின் கொக்கி பூட்டியிருக்கிறதா? எட்டு முடிச்சு முழுமையாக இருக்கிறதா? பிடிகருவியில் கயிறு சரியாக ஓடுகிறதா? வளையத்தின் பூட்டு திருகியிருக்கிறதா? தலைக்கவசம் இருக்கிறதா? ஒவ்வொரு முறை ஏறும்போதும் இந்த ஐந்தையும் பார்க்க வேண்டும். பிரட்டில் பெயர் கூப்பிடுவது போல் இது நாள்தோறும் நடக்கும் சடங்காகட்டும்.

பிள்ளை ஏறும்போது ஒன்று சொல்லிக்கொடுங்கள்: கையால் இழுக்காதே, காலால் எழும்பு. தென்னை ஏறும் நம் முன்னோர் காலில் தளை மாட்டிக் காலின் பலத்தில்தான் ஏறினார்கள். கை, மரத்தைப் பிடித்திருக்க மட்டுமே. பாறைக்கும் அந்த அறிவுதான். பயந்தால் அதட்டாதீர்கள். பாதியில் இறங்கிய பிள்ளை தோற்ற பிள்ளை இல்லை. கீழே கொண்டுவரச் சொன்னதும் கொண்டுவருவார்கள் என்ற நம்பிக்கையோடு இறங்கிய பிள்ளை. அந்த நம்பிக்கை இருந்தால் அடுத்த வாரம் இன்னும் பத்தடி ஏறும்.

காலையிலேயே தொடங்கி, பிற்பகல் மழைக்கு முன் முடித்துவிடுங்கள். இடி முழக்கம் கேட்டால் கயிற்றை விட்டுவிட்டு விலகுங்கள். கயிறு போனால் வாங்கலாம். மழைக்குப் பிறகு சுண்ணாம்புப் பாறை சவர்க்காரம் தடவியதுபோல் வழுக்கும். பலர் கைபட்டு மெருகேறிய பிடிகள் இன்னும் மோசம். ஆணியிலோ, கயிற்றிலோ, வானத்திலோ, உடன் வந்தவரின் திறமையிலோ ஐயம் ஏற்பட்டால், ஏறாமலே திரும்பிவிடுங்கள். நாற்பது கோடி ஆண்டுகள் நின்ற மலை அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான் நிற்கும். நம் பிள்ளைகளும் அன்று அதன் அடியில் நிற்க வேண்டும் அல்லவா?